கால்கா – சிம்லா மலை ரயிலில் இரண்டு பேராகப் போவது எப்படி

டெல்லியிலிருந்து சிம்லாவுக்குப் போக வழியா இல்லை? காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறிப் படுத்தால் விடியும்போது சிம்லா. கார் இருந்தால் இன்னும் சுலபம். ஆனால் கல்யாணமாகி டெல்லியில் குடித்தனம் வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். கால்காவிலிருந்து அந்தச் சின்ன ரயிலில் போங்கள். ஏறியதிலிருந்து இறங்குவது வரை வெளிச்சம் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள். சிம்லாவில் தங்குவது ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை. அந்த ஐந்து, ஐந்தரை மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பயணமே. சிம்லா அதன் கடைசி ஸ்டேஷன்.

நான் மயூர் விஹாரில் இருக்கிறேன், தமிழ் டீச்சர். என் வீட்டுக்காரருக்கு மத்திய அரசு வேலை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் அந்த ரயிலில் வெயில், குளிர், வசந்தம் என்று மாற்றி மாற்றிப் போய் வந்திருக்கிறோம். எங்கள் பிளாக்கில் புதிதாக வந்த ஜோடிகளுக்கு டிக்கெட் போடுவதிலிருந்து கட்டுச்சோறு வரை சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை.

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: “ஆன்ட்டி, நம்ம ஊட்டி ரயில் மாதிரியா?” இல்லை. ஊட்டி ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு செங்குத்தாக ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் அளவுக்குச் சரிவு. கால்கா – சிம்லா பாதையில் பல்சக்கரம் கிடையாது. 33 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் வளைந்து வளைந்தே ஏறி, 656 மீட்டர் உயரத்தில் இருக்கும் கால்காவிலிருந்து 2,075 மீட்டர் உயரத்து சிம்லாவைப் பிடித்துவிடும். அதனால்தான் பாதை 96 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது, அதில் 919 வளைவுகள். தண்டவாளமும் ஊட்டியைவிடக் குறுகல்: அங்கே ஒரு மீட்டர் அகலம் (மீட்டர் கேஜ்), இங்கே இரண்டரை அடி. ஊட்டி ரயில் 2005-லும் இது 2008-லும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஊட்டியில் ரயில் மலையோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கலாம். இங்கே அது மலையைச் சுற்றிச் சுற்றி வந்து சமாதானமாக மேலே போகிறது. உட்கார்ந்து பேசிக்கொண்டு போக இதுதான் தோது.

எப்போது போவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், எந்த ரயில் என்பது அதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடு வரை. மேலே போகப் போக மரங்களில் புராஸ் பூத்திருக்கும். செம்பருத்திச் சிவப்பில் கொத்துக் கொத்தாக இருக்கும் அந்தப் பூவில் உள்ளூர்க்காரர்கள் சர்பத் போடுவார்கள். அதைவிட்டால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். மழை கழுவிவிட்ட மலை, தெளிந்த வானம். மே, ஜூனில் டெல்லி வெயிலுக்குப் பயந்து பாதி ஊரே அங்கேதான் இருக்கும். டிக்கெட்டும் கிடைக்காது, சிம்லாவில் தண்ணீருக்கும் இடத்துக்கும் நெருக்கடி.

ஜூலை, ஆகஸ்டில் வேண்டவே வேண்டாம். பச்சை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இமயமலையின் இந்தப் பகுதியில் மண் இளகல். 2023 ஆகஸ்ட் 14 அன்று சிம்லாவை ஒட்டிய சம்மர் ஹில் அருகே மலை சரிந்தபோது கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மண்ணில் புதைந்து போனார்கள். அதே சரிவு ரயில் பாதையின் அடியில் இருந்த மண்ணையும் அடித்துப் போனதில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சரிசெய்து ரயில் ஓடச் சில வாரங்கள் ஆயின. அந்த இடத்தை இப்போதும் ரயில் கடக்கிறது. ஜன்னலில் பார்த்தபடி பேசாமல் இருந்துவிட்டுப் போவோம் நாங்கள்.

பனி பார்க்க வேண்டும் என்று டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அப்போது அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், காலை ஏழுக்கு முன்னால் விடியாது. கால்காவிலிருந்து மதியம் கிளம்பும் ஹிமாலயன் குயினில் ஏறினால், கொஞ்சம் தாமதமானாலும் கடைசிப் பகுதியான தேவதாருக் காடு இருட்டோடு போய்விடும். விடிகாலையில் கிளம்பும் சிவாலிக் டீலக்ஸில் ஏறினால் முதல் பகுதி இருட்டோடு போய்விடும். ஆகவே குளிர்காலத்தில் ஏழு மணி வாக்கில் புறப்படும் ஹிம் தர்ஷன்தான் சரி. 2019 டிசம்பரில் விட்ட ரயில் அது, கூரையிலும் கண்ணாடி. அந்தக் குளிரில் எப்படியும் ஜன்னலைத் திறக்கப் போவதில்லை, கண்ணாடிப் பெட்டியே நல்லது. ஏப்ரலில் போனால் நான் அதில் ஏறமாட்டேன். ஜன்னல் திறக்கும் பெட்டி வேண்டும். சுரங்கத்துக்குள் நுழையும்போது சில்லென்று ஒரு ஈரக்காற்று முகத்தில் அடிக்கும், வெளியே வந்ததும் வெயிலும் பைன் பிசின் வாசனையும் வரும். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் இரண்டும் இல்லை. ஏப்ரல், அக்டோபருக்கு ஹிமாலயன் குயின் அருமையான வண்டி. வெளிச்சம் கடைசி வரை தாங்கும், டெல்லியிலிருந்து அன்றைக்கே கிளம்பியும் அதைப் பிடிக்கலாம்.

அது எப்படி என்றால், புது டெல்லியிலிருந்து காலை எட்டு மணிக்கு முன்பே ஒரு கால்கா சதாப்தி கிளம்புகிறது. கால்காவில் மதியத்துக்கு முன்னால் இறக்கிவிடும். ஹிமாலயன் குயின் அதற்கு இணைப்பு வண்டி மாதிரி. இன்னொரு வழி, ராத்திரி பழைய டெல்லியில் கால்கா மெயில் ஏறுவது. 2021-லிருந்து அதற்கு நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர். 1941-ல் வீட்டுக்காவலிலிருந்து தப்பிய நேதாஜி கோமோ ஸ்டேஷனில் அந்த வண்டியில்தான் ஏறினார் என்பார்கள். பழைய டெல்லி போர்ட்டர்கள் இன்னும் கால்கா மெயில் என்றால்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். சாந்தினி சவுக் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். விடிகாலையில் கால்கா. ஆனால் அது ஹவுராவிலிருந்து வரும் வண்டி, டெல்லியின் ஜனவரி மூடுபனியில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று சொல்ல முடியாது. பனிக்காலத்தில் முந்தின நாள் சாயங்காலமே சண்டிகரிலோ கால்காவிலோ போய்த் தங்கிவிடுங்கள். மூடுபனியை நம்பி இணைப்பு ரயிலுக்கு டிக்கெட் போடக் கூடாது.

டிக்கெட் விஷயத்தில் வரிசை முக்கியம். முதலில் சின்ன ரயில், அப்புறம்தான் டெல்லி – கால்கா. சதாப்தியில் இடம் நிறைய, சின்ன ரயிலில் கொஞ்சம். ஐ.ஆர்.சி.டி.சி.யில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கும், விடுமுறைச் சனி ஞாயிறு என்றால் திறந்த அன்றே போட்டுவிடுங்கள். வண்டி நேரங்கள் பருவத்துக்குப் பருவம் சற்று மாறும், போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் முகம் வைத்த ஒற்றைப் பெட்டி ஒன்றும் ஓடுவதுண்டு. ரயில் மோட்டார் கார் என்று பெயர், பத்துப் பதினைந்து பேருக்குத்தான் இடம். முன்கண்ணாடி வழியாகப் பாதை வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கிடைத்தால் விடாதீர்கள்.

எந்தப் பக்கம் உட்காருவது என்று நிறையப் பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இத்தனை வளைவில் பள்ளத்தாக்கு ஒரு பக்கமாக நிற்காது, இடத்திலும் வலத்திலும் மாறி மாறி வரும். பக்கத்தைவிட ஜன்னல்தான் முக்கியம். இரண்டு பேருக்கும் ஜன்னல் வேண்டும். அடுத்தடுத்து உட்கார்ந்தால் ஒருவருக்கு ஜன்னல், இன்னொருவருக்குத் தோள்பட்டைதான். எதிரெதிர் இருக்கை கிடைத்தால் எடுங்கள். ஒருவர் வருவதைப் பார்க்கலாம், மற்றவர் போவதைப் பார்க்கலாம். “இதோ பாரு” என்று ஒருவருக்கொருவர் காட்டுவதற்கும் விஷயம் இருக்கும். போனில் மாமியாருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். சுரங்கத்துக்குச் சுரங்கம் அறுந்துபோகும், அவர்களுக்கும் தலைவலி. அவர்களை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

சாமான் ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும். பெட்டி குறுகல், டிராலி பெட்டியை வைக்க இடம் இருக்காது. ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள். கால்காவில் வியர்க்கும், பாதி வழியில் வரும் சோலன் தாண்டினால் தேடுவீர்கள். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். நான் கொண்டுபோவது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாய். ஊறுகாயை நாக்கில் வைத்தால் குமட்டல் நிற்கும்.

கால்காவில் பெரிய ரயிலிலிருந்து இறங்கியதும் அப்படியே சின்ன ரயிலின் பிளாட்பாரத்துக்கு நடந்துவிடலாம். நேரம் இருந்தால் எஞ்சினைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சற்று உயரமான ஆள் நின்றால் பெட்டியின் கூரை கைக்கெட்டும் போலத் தோன்றும்.

வண்டி கிளம்பியதும் முதல் ஒரு மணி நேரம் அதிகம் பேசாமல் வெளியே பாருங்கள். ஏனென்றால் மலை எப்படி ஏறப்படுகிறது என்பது அங்கேதான் புரியும். தக்சால், கும்மன், அப்புறம் தரம்பூர் பக்கம் மூன்று இடங்களில் பாதை பெரிய சுற்றாகச் சுற்றும். சற்று முன் கடந்த தண்டவாளம் கீழே தெரியும். கீழ்ப்பகுதியில் மரம் குறைவு. சப்பாத்திக்கள்ளியும் முட்செடியுமாக நம் கோவில்பட்டிப் பக்கம் மாதிரி காய்ந்து கிடக்கும். தரம்பூர் வரும்போது பைன் மரங்கள் தொடங்கும். ஷோகி, தாராதேவி பக்கம் பைன் போய்த் தேவதாரு வரும். உயரம் ஏறுவதை மீட்டர் கணக்கில் பார்க்க வேண்டியதில்லை, மரத்தைப் பார்த்தாலே தெரியும்.

வண்டி சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் நிற்கும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். ஒற்றைப் பாதை, எதிர் வண்டி வந்து விலக வேண்டும். அப்போது ஸ்டேஷன் மாஸ்டரின் கையைக் கவனியுங்கள். பெரிய பிரம்பு வளையம், அதில் ஒரு தோல் பை, பைக்குள் ஓர் உலோக உருண்டை. அதுதான் டோக்கன். அடுத்த ஸ்டேஷன் வரையுள்ள பாதைக்கு ஒரே நேரத்தில் ஓர் உருண்டைதான் மெஷினிலிருந்து வெளியே வரும். அது கையில் இல்லாமல் டிரைவர் ஓர் அடி நகர்த்தக் கூடாது. வண்டி மெதுவாக உருளும்போதே எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு பழைய வளையத்தைக் கொடுத்துப் புதியதை மாட்டிக்கொள்ளும். தோளில் வளையத்தைத் தொங்கவிட்டபடி அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் திரும்பிப் போவதை என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்ப்பார். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பாதையில் இரண்டு ரயில்களை மோதாமல் காப்பாற்றிவரும் முறை இது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டேஷன் முழுக்க இதையே பேசுவதைக் கண்டிருக்கிறேன்.

சோன்வாராவுக்கும் தரம்பூருக்கும் நடுவில் அடுக்கடுக்கான கல் வளைவுப் பாலம் ஒன்று உண்டு, 226-ம் எண். இந்தப் பாதையில் 800-க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் கல்லால் கட்டிய வளைவுகள்தான். தூணை நட்டு இரும்பு உத்தரம் வைப்பதற்குப் பதிலாக, ஒரு வரிசை வளைவின் மேல் இன்னொரு வரிசை என்று கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

அடுத்து பரோக். நீங்கள் வருவது கால்கா பக்கமிருந்து என்பதால் முதலில் 33-ம் சுரங்கம் வரும், அதிலிருந்து வெளியே வந்ததும் ஸ்டேஷன். 1,143 மீட்டர், இந்தப் பாதையிலேயே நீளமான சுரங்கம், நூல் பிடித்தாற்போல நேர்கோடு. கடக்க மூன்று நிமிஷம்போல ஆகும். கதை தெரிந்து போங்கள். பரோக் என்ற ஆங்கிலேய எஞ்சினியர் மலையின் இரண்டு பக்கமிருந்தும் தோண்டச் சொன்னாராம். இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கவே இல்லை. அரசு அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் போட்டது, அவமானம் தாங்காமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். பிறகு ஹாரிங்டன் என்ற எஞ்சினியர் பொறுப்பேற்றார். அவருக்கு வழி காட்டியவர் பல்கு. ஜாஜா கிராமத்து மலைவாசி, படிப்பில்லாதவர். கையிலிருந்த கோலால் பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே எங்கே தோண்டலாம் என்று சொல்வாராம். ஊர்ப்பெயரில் நிற்பது பரோக். பாபா பல்குவின் பெயரில் சிம்லாவில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்ட ரயில் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மலையை அறிந்தவர்களின் அறிவும் கூலியாட்களின் உழைப்பும் இல்லாமல் 1903 நவம்பர் 9 அன்று இந்தப் பாதை திறந்திருக்காது. இதைச் சொல்லித்தான் நான் எல்லோரையும் அனுப்புவேன்.

பரோக்கில் வண்டி பத்து நிமிஷம்போல நிற்கும். இரண்டு பேருமே இறங்குங்கள், சீட் எங்கும் ஓடிவிடாது. கட்லெட், பிரெட் ஆம்லெட், டீ கிடைக்கும். கூட்டத்தோடு ஓடாமல் ஒருவர் டீ வாங்க, இன்னொருவர் வண்டிக்குப் பின்னால் சுரங்க வாயைப் பார்த்து வரலாம். கார்டு விசில் ஊதியதும் ஏறிவிட வேண்டும்.

பரோக் தாண்டியதும் வண்டி கொஞ்சம் இறங்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து சோலன், கண்டாகாட் என்று போய் மறுபடி ஏறத் தொடங்கும். சோலன் பெரிய ஊர், கட்டடங்கள்தான் தெரியும். இட்லியைப் பிரிக்க அதுதான் நேரம்.

கண்டாகாட் தாண்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிடுங்கள். கனோ வருகிறது. 541-ம் எண் பாலம், 1898-ல் கட்டியது. நான்கு அடுக்கு, 34 கல் வளைவுகள், 23 மீட்டர் உயரம். பாலத்தின் மேல் போகிறவர்களுக்குப் பாலம் தெரியாது என்பார்கள். ஆனால் இது வளைந்து கிடப்பதால் வளைவின் உட்பக்க ஜன்னலில் இருப்பவர்களுக்குத் தங்கள் வண்டியின் எஞ்சினும் அதன் கீழே அடுக்கு வளைவுகளும் சேர்ந்தே தெரியும். இருவரில் யார் பக்கம் வருகிறதோ அவர் மற்றவரைக் கூப்பிட்டு இடம் கொடுங்கள். கதவருகே நின்று உடம்பை வெளியே நீட்டிப் படம் எடுப்பது மட்டும் கூடாது. சுரங்கச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இல்லாத இடங்கள் உண்டு.

தாராதேவி, ஜூதோக் பக்கம் குரங்குகள் வரும். தின்பண்டத்தைப் பையில் போட்டுவிட்டு ஜன்னலை மூடிவிடுங்கள்.

சிம்லாவுக்கு முந்தின ஸ்டேஷன் சம்மர் ஹில். சாமான் குறைவாக இருந்து, வெளிச்சமும் இருந்தால் அங்கேயே இறங்கிவிடலாம். 1888-ல் கட்டி முடித்த வைஸ்ராய் மாளிகை அங்கிருந்து நடக்கும் தூரம்தான். நாடு விடுதலை ஆன பிறகு குடியரசுத் தலைவர் மாளிகையாக இருந்ததை, டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது உயர் ஆய்வு நிறுவனமாக மாற்றினார்கள். தேவதாரு நிழலில் அந்த நடை எனக்கு சிம்லாவின் கடைவீதியான மால் ரோடைவிடப் பிடிக்கும். இறங்காமல் சிம்லா போகிறவர்கள் கடைசிச் சுரங்கத்தின் எண்ணைக் கவனியுங்கள்: 103. பாதையில் இப்போது இருப்பவை 102 சுரங்கங்கள்தான், 46-ம் எண் இல்லாமல் போய்விட்டது. ஆனால் எண்களை மாற்றவில்லை. சிம்லாக்காரர்களுக்கு 103 என்றால் ஒரு பஸ் ஸ்டாப்.

சிம்லா ஸ்டேஷன் ஊரின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, மால் ரோடு மேலே. வண்டிகள் மால் ரோடுக்குப் போகாது. கீழே வண்டிகள் ஓடும் கார்ட் ரோடில், மால் ரோடுக்கு ஏற்றிவிடும் லிஃப்ட் வரை டாக்ஸியிலோ பஸ்ஸிலோ போய், டிக்கெட் வாங்கி லிஃப்டில் ஏறிவிடுங்கள். ரூம் போடும்போதே “லிஃப்டிலிருந்து எத்தனை படி?” என்று கேட்டுவிடுவது நல்லது. அங்கே எந்த ஹோட்டலும் பக்கத்தில்தான் என்பார்கள், பக்கம் என்றால் நூறு படியும் பக்கம்தான்.

திரும்பும்போது முழுப் பாதையையும் ரயிலில் வர வேண்டியதில்லை. சிம்லாவிலிருந்து காலை வண்டியில் ஏறி பரோக் வரை வந்து அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். இரவில் ஆள் அரவம் அதிகம் இல்லாத ஊர், பேசிக்கொண்டு நடக்கலாம். மறுநாள் சோலனிலிருந்து பஸ்ஸில் சண்டிகர். டெல்லிக்கு டிக்கெட்டைக் கால்காவிலிருந்து போடாமல் சண்டிகரிலிருந்து போடுங்கள், அங்கிருந்து ரயில்கள் அதிகம். ஞாயிறு சாயங்கால வண்டிகள் நிரம்பி வழியும், சின்ன ரயில் டிக்கெட் போடும் அன்றைக்கே இதையும் போட்டுவிடுங்கள்.